வெற்றிலை மறைத்த இரத்தம்

நான் வெற்றிலையை விட்டது உடம்பை நினைத்து அல்ல. ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இனி வெற்றிலை போடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வயதிலிருந்து போட்டு வந்ததை, நாற்பத்தொரு வயதில் ஒரு திங்கட்கிழமை நிறுத்தினேன். முதல் வாரம் கை தானாக இடுப்புப் பையைத் தேடியது. அடுத்த வாரம் கிராம்பை மென்று சமாளித்தேன்.

மூன்றாம் வாரம் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றை மடியில் வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த வயதுக் குழந்தைகள் செய்வதுபோல அவள் என் வாய்க்குள் விரலை விட்டுக் கீழ்ப்பற்களைப் பிடித்து இழுத்தாள். பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பால் கொடுக்க வந்த அவளுடைய அம்மா, பிள்ளையின் விரல்களைப் பார்த்தாள். சிவப்பாக இருந்தன.

“அக்கா, இன்னும் வெத்தல போடுறீங்களா?”

“இல்லம்மா. விட்டு மூணு வாரமாச்சு.”

“அப்ப இது என்னங்க?”

அவள் சத்தம் போடவில்லை. பிள்ளையின் விரல்களைத் துண்டால் துடைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துத் துப்பினேன். வெற்றிலைச் சிவப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் ஓடியது அது இல்லை.

அன்றிலிருந்து மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எங்கள் லய வீட்டு வரிசையிலேயே, எனக்கு மூன்று காம்பரா தள்ளி இருந்த ஒரு பெண் வாயில் புற்றுநோய் வந்து செத்துப்போனாள். அவளும் என்னைப் போலத்தான் வெற்றிலை போடுவாள். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, கைபேசி வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்ப்பேன். பிள்ளைக்காம்பராவில் பால்மா கரைக்கும்போது கரண்டியின் பின்புறத்தில் உதட்டை இழுத்துப் பார்ப்பேன். கீழ் முன்பற்களின் ஈறு உப்பி, பளபளவென்று கருஞ்சிவப்பாக இருந்தது. கன்னத்துப் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று நாக்கால் தடவித் தடவி அங்கே புண்ணே வந்துவிட்டது.

யோசித்தால் எல்லாம் முன்பே இருந்ததுதான். பிரஷ் நார் எப்போதும் சிவந்துதான் இருக்கும். வெற்றிலைக் கறை என்று விட்டுவிடுவேன். காலையில் வாய்க்குள் இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி. சில நாள் ஈறு நமநமவென்று அரிக்கும். அப்போதெல்லாம் இன்னொரு வாய் வெற்றிலை போட்டால் அடங்கிவிடும்.

பல் விளக்கினால்தானே இரத்தம் வருகிறது என்று பிரஷைத் தொடாமல் வெறும் உப்புத் தண்ணீரில் நான்கு நாள் கொப்பளித்தேன். வீக்கம் கூடியது. ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் மரக்கறித் தோட்டத்தில் நின்று பாக்கும் சுண்ணாம்பும் வைத்து ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டேன். மென்று துப்பினேன். எல்லாமே ஒரே சிவப்பு. எது சாறு, எது இரத்தம் என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கினாற்போல ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு பயந்துபோனேன். மீதியைத் துப்பிவிட்டு உள்ளே வந்து வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“என் வாய் நாறுதா?”

அவர் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைத்தார்.

“இருக்கு. ஒரு வருசமா இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நீ மனசு சங்கடப்படுவ.”

ஒரு வருடமாக அவர் சுவரைப் பார்த்துப் படுப்பது என் குறட்டையால் என்று நினைத்திருந்தேன். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் எனக்கு லீவு சொன்னவர் அவர்தான்.

முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். பல் டொக்டரைப் பார்க்க நம்பர் எடுத்துவிட்டு, வாங்குப் பலகையில் உட்கார முடியாமல், எழுந்து எழுந்து நடந்தேன். உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் முக்காடு போட்ட இளம் பெண். டவுன்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. முதலில் கன்னம், நாக்குக்கு அடி, தொண்டை எல்லாம் பார்த்தார்.

“புற்றுநோயாங்க?” நானே கேட்டுவிட்டேன்.

“அதுக்கான அடையாளம் ஒன்றும் இப்ப இல்ல. ஆனா வெத்தல போட்ட வாய். வருசா வருசம் வந்து காட்டணும்.”

பிறகு மழுங்கிய முனையுள்ள மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லின் ஓரமாகத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் இரத்தம் துளிர்த்தது. கண்ணாடியை என் கையில் கொடுத்தார். நாங்கள் ஈறு என்பதை அவர் முரசு என்றார்.

“நல்ல முரசு பிரஷ் பட்டா இரத்தம் வராது. உங்களுக்குக் கனகாலமா வந்திருக்கும். வெத்தல போட்டதால தெரியல.”

“நான் விட்டதாலதான் வந்துச்சுன்னு நெனச்சேன்.”

“விட்டதாலதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. பல் இன்னும் ஆடல, எலும்புக்கும் போகல. இப்ப பார்த்தா சரியாக்கலாம்.”

இரத்தம் வந்தாலும் விளக்குவதை நிறுத்தக் கூடாது, அழுக்கு தங்கத் தங்கத்தான் வீங்கும், மிருதுவான பிரஷால் பல்லும் முரசும் சேரும் இடத்தில் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்றார். அன்றே பற்களைச் சுத்தம் செய்தார். பற்களின் பின்னாலிருந்து கறுப்பாக, கல்லுத் துண்டுகள் போல உதிர்ந்தன. எல்லாம் முடிந்து நாக்கை வைத்துப் பார்த்தபோது பற்களுக்கிடையே இடைவெளி தட்டியது. பல்லையே உடைத்துவிட்டாரோ என்று பஸ் ஸ்டாண்ட் வரை தடவிக்கொண்டே நடந்தேன்.

பத்து நாளில் இரத்தம் பெரும்பாலும் நின்றது. ஈறு இளஞ்சிவப்பாகிப் பல்லோடு ஒட்டியது. வீட்டுக்காரரிடம் மறுபடியும் கேட்டேன். “இப்ப இல்ல” என்றார். பொய் சொல்கிறாரோ என்று இன்னும் சந்தேகம்தான். விளக்கி முடித்ததும் துப்பியதைப் பார்க்காமல் என்னால் தண்ணீர் ஊற்ற முடிவதில்லை.

அந்தக் குழந்தையின் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் வெற்றிலை போடுவதில்லை. பால் கொடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள், மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும் ரத்தம் வருதுங்கக்கா. இவ வயித்துல இருந்தப்பவே வந்துச்சு. எல்லாருக்கும் அப்படித்தான்னு இருந்துட்டேன்.”

டொக்டரைப் பார்க்க என்னோடு வரச் சொன்னேன். வேலைக்கு வந்ததாகப் பேர் விழாத நாள் சம்பளம் போய்விடும், கொழுந்து குறைந்ததும் வருகிறேன் என்றாள். இப்போது நல்ல கொழுந்துக் காலம். பகலில் அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க வரும்போதெல்லாம் கேட்கிறேன். அடுத்த கிழமை என்கிறாள். அவள் சிரிக்கும்போது என் கண் அவள் ஈறுக்குத்தான் போகிறது. அது தெரிந்து, அவள் வாயை மூடிக்கொள்கிறாள்.