வெடிப்பு என்று எழுதாதே

பழவேற்காட்டில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்த அசன் முகைதீனுக்கு வியாபாரம் மட்டும் வரவில்லை. இருபது வயதில் மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார வைத்தார்கள். வந்தவர் புடவையைத் தொடும் முன்பே, "இது சாயம் போவும்மா. அந்த ஓரத்துல இழை வுட்டிருக்கு பாருங்க" என்று சொல்லிவிடுவார். உண்மை பேசியே தீருவேன் என்ற வைராக்கியமெல்லாம் கிடையாது. குறை கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்த மாமா, "உன் கண்ணுக்கு எங்கியாவது ஒரு வேலை இருக்கும், மருமவனே. ஆனா அது என் கடையில இல்ல" என்று வழியனுப்பி வைத்தார்.

அந்த வேலை கும்மிடிப்பூண்டியில் இருந்தது. கண்ணாடி பாட்டில் செய்யும் ஒரு கம்பெனி. உலை எரிவது கேஸில். கேஸ் டாங்கிகள் நிற்கும் வளாகம் ஒரு பக்கம், உலை இன்னொரு பக்கம். நடுவே நானூறு மீட்டருக்கு மண்ணுக்கடியில் குழாய், மேலே அதன் தடம் காட்ட எண் போட்ட கற்கள். அந்தக் குழாயின் தலைமேல் காலையும் மதியமும் நடந்து, கண்டதை ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். குறை சொன்னதற்காக வேலை போனவருக்குக் குறை சொல்வதே வேலையாக வாய்த்தது. "உலகத்துல எல்லாரும் வேலைக்கு நடந்து போவாங்க. இவுருக்கு நடக்குறதே வேலை" என்பாள் மனைவி சாலிஹா, அக்கம்பக்கத்தாரிடம், பெருமையா கிண்டலா என்று பிரித்தறிய முடியாத குரலில்.

நானூறு மீட்டரில் பாதி கெட்டியான செம்மண். மறுபாதி ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. சாம்பலையும் இடிந்த கட்டடங்களின் கழிவையும் கொட்டி அதை நிரப்பியிருந்தார்கள். காகிதத்தில் அது நிலமாகிவிட்டது. தான் ஏரி என்பதை அது மட்டும் மறக்கவில்லை. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் பெருமழையில் ஊறி உப்பிற்று. அடுத்த கோடையில் காய்ந்து சுருங்கி, மெல்ல உட்கார ஆரம்பித்தது. செம்மண்ணோ நின்ற இடத்திலேயே நின்றது. ஒரே குழாய், பாதி நிற்கிற மண்ணில், பாதி இறங்குகிற மண்ணில். இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இணைப்புக்கு வளையத் தெரியாது. ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிடும்.

சித்திரை மாதத்தில் அசன் முகைதீன் ரிஜிஸ்தரில் எழுதினார்: 'நாலாம் எண் கல் அருகே வெடிப்பு. அகலம் ஒரு விரல்.'

சூப்பர்வைசர் சுப்பராயன் அந்த வரியின் முதல் புள்ளியைத் தாண்டிப் போகவில்லை. 'வெடிப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் சைரனை அழுத்திவிட்டார். முந்நூறு பேர் கேட்டுக்கு வெளியே ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. நாலாம் கல்லருகே அசன் முகைதீன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கய்யா வெடிப்பு?"

"இதோ, சார்." காலடியில் கிடந்த கோட்டைக் காட்டினார்.

வயலில் பிறந்தவர்களுக்கு வெடிப்பு என்றால் கோடை. கம்பெனியில் பிறந்தவர்களுக்கு வெடிப்பு என்றால் விபத்து. தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது சோம்பலாலா தீர்க்கதரிசனத்தாலா என்று சுப்பராயன் ஆராயவில்லை. இனி 'விரிசல்' என்றே எழுத வேண்டும் என்று மெமோ கொடுத்தார். அசன் முகைதீனும் கீழ்ப்படிந்தார். வைகாசியில் 'விரிசல், இரண்டு விரல்.' ஆனியில் 'விரிசல், மூன்று விரல், ஒரு பக்கம் தாழ்ந்துள்ளது.' ஒவ்வொன்றின் கீழும் 'பார்த்தேன்' என்று சுப்பராயனின் கையெழுத்து. விரிசல் என்ற சொல்லுக்கு யாரையும் நாற்காலியிலிருந்து எழுப்பும் சக்தி இல்லை.

ஆடி மூன்றாம் வெள்ளி. ஜும்ஆ தொழுகைக்குப் போகும் அவசரத்தில் மதிய நடையைக் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கியிருந்தார். மேற்கேயிருந்து ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தூரத்திலேயே தெரிந்தது: நாலாம் கல்லைச் சுற்றிக் கூட்டம். மஞ்சள் புடவைகள், வேப்பிலைக் கொத்து, பித்தளைச் செம்பு. பக்கத்துக் காலனிப் பெண்களும் குழந்தைகளுமாக முப்பது பேர் இருக்கும். நடுவில் நின்றது செங்கம்மாள். கம்பெனி கேட்டில் இட்லி விற்பவள். அவரிடம் பதினைந்து வருஷப் பழக்கம்.

இன்னும் நெருங்கியதும் சத்தம் கேட்டது. புஸ்... என்று நிற்காமல், தரைக்குள்ளிருந்து.

அவருடைய ஷூவின் அடியில் ஆணி அடித்திருந்தது. கல்லில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும். அங்கேயே நின்று இரண்டு ஷூவையும் கழற்றி எறிந்தார். செல்போனை அணைத்தார். வெறுங்காலோடு சுடுமண்ணில் ஓடி வந்தார்.

"பாருங்கடி, பாயே செருப்பைக் கழட்டிட்டு வராரு!" என்றாள் முன்னால் நின்ற குப்பம்மாள். கூட்டம் பக்தியோடு வழிவிட்டது.

"யக்கா, எல்லாரும் நவுந்துக்குங்க! இது புத்துப் பாம்பு சீறுறது இல்ல, கேஸு! கீழ குழா வுட்டுகிச்சி!"

"இன்னா பாய், பால் ஊத்துற நேரத்துல வந்து கேஸு கீஸுன்றே?" செங்கம்மாள் திரும்பினாள். "நேத்துலேர்ந்து சீறிக்கினு கீறா அம்மா. கேஸுன்னா நாத்தம் வராது? எங்க ஊட்டு சிலிண்டரு லீக்காச்சின்னா நாலு ஊடு தாண்டி நாறுது. குனிஞ்சி மோந்து பாரு. மஞ்ச வாசம்தான் வருது."

அவர் குனிந்து மோந்தார். அவள் சொன்னது சரி. மஞ்சள் வாசம்தான் வந்தது.

இதை அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேஸுக்கென்று சொந்தமாக வாசனை கிடையாது. ஆட்களை எச்சரிப்பதற்காகவே அதில் நாற்றத்தைக் கலக்கிறார்கள். காய்ந்த களிமண் வழியாக மெல்லக் கசிந்து வந்தால், மண் நாற்றத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு கேஸை மேலே அனுப்பிவிடும். ஆனால் நாற்றம் இல்லாததுதான் இன்னும் ஆபத்து என்பதை முப்பது பேருக்கு நின்று விளக்கும் நேரம் அதுவல்ல.

"பாலை ஊத்துங்க. தோ, நீங்களே பாருங்க" என்றார். கேஸ் இருந்தால் குமிழி விடும். கண்ணால் கண்டால் நம்புவார்கள்.

செங்கம்மாள் செம்பைச் சாய்த்தாள். வெடிப்புக்குள் இறங்கிய பால் ஒரு கணம் தயங்கியது. பிறகு குமிழி குமிழியாக நுரைத்து, விளிம்பைத் தாண்டிப் பொங்கி வழிந்தது.

"பால் பொங்குது! அம்மா பாலைப் பொங்க வெக்கிறா!"

குலவைச் சத்தம் எழுந்தது. இரண்டு பேருக்குச் சாமி வந்தது. தம் கட்சிக்கு அவர் கொண்டுவந்த ஒரே சாட்சி, கண்ணெதிரே எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

"ஏழுமல, கற்பூரம் எடுத்தாடா!" என்று யாரோ கத்தினார்கள்.

ஏழுமலை வாரத்தில் ஆறு நாள் லாரியில் மூட்டை ஏற்றுபவன், வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி. காற்றுக்கு மறைவாக, மேற்கே இருபதடி தள்ளி, மதிலோரம் குந்தியிருந்தான். தட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கற்பூரம். அவன் எழுந்து திரும்பியபோது அது எரிந்துகொண்டிருந்தது.

"அங்கியே நில்லு! ஏழுமல, அங்கியே நில்லுடா!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவன் நின்றுவிட்டான்.

காற்று மேற்கிலிருந்து வீசும் வரை கேஸ் கிழக்கே, ஆளில்லாத ஏரிப்பக்கம் தவழ்ந்து போகும். அது காற்றைவிடக் கனமானது. பள்ளம் தேடும் தண்ணீர் போலத் தரையோடு தரையாக நகரும். அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே புழுதி அடங்கியது. வேப்பிலைக் கொத்து அசையாமல் நின்றது. பழவேற்காட்டுக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உச்சி சாய்ந்தால் மேல்காற்று செத்துக் கடல்காற்று எழும். எழுந்தால், கிழக்கே தரையில் கிடக்கும் கேஸையெல்லாம் நேராக ஏழுமலையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவனிடமிருந்து தீ இங்கே திரும்பி வரும். இங்கிருந்து டாங்கிகள் இருநூறு மீட்டர்.

"அணைச்சுடுப்பா" என்றார்.

"ஏத்தின கற்பூரத்தை வாயால ஊதி அணைக்கச் சொல்றியா பாய்?" ஏழுமலைக்கு நிஜமாகவே அதிர்ச்சி. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஜும்ஆவுக்குப் போகிற நேரத்தில் தொப்பி வைத்த ஒருவர் வந்து கற்பூரத்தை அணை என்கிறார். இந்தச் செய்தி பொன்னேரி போய்ச் சேரும்போது என்ன உருவத்தில் சேரும் என்று அவருக்கே தெரிந்தது. இருந்தும் அவர் செங்கம்மாளின் காலடியில் சீறும் வெடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யக்கா. பால் ஊத்துங்க, மஞ்சத்தண்ணி ஊத்துங்க, கூழு ஊத்துங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். தீ மட்டும் வேணாங்க்கா. தீ மட்டும்."

செங்கம்மாள் அவரைப் பார்த்தாள். கொதிக்கிற மண்ணில் வெறுங்கால். பதினைந்து வருஷமாக அவளுடைய சட்னியில் உப்பு கூட என்று தவறாமல் சொல்லிவந்த ஆள். ஒரு நாளும் அது பொய்யாக இருந்ததில்லை. அவள் நம்பியது கேஸையா அவரையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் முடிவெடுத்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"டேய் ஏழுமல, அம்மை போட்ட ஊட்டுல தாளிப்பாங்களாடா?"

"தாளிக்க மாட்டாங்க, பெரிம்மா."

"அப்ப இங்க மட்டும் தீயை இன்னாத்துக்குடா எடுத்தார? அவ குளுந்து போவத்தான் பாலு கேக்குறா. கற்பூரத்தை அங்க ரோட்டாண்ட வேப்பமரத்துல காட்டுவோம். கொடுறா இங்க."

விறுவிறுவென்று போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"மேல தூக்கிப் புடிங்கக்கா! தலைக்கு மேல! திரும்பாம போங்க!"

அவள் தலைக்கு மேலே தட்டைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தாள். அசன் முகைதீன் எதிர்பாராத ஒன்று நடந்தது. கற்பூரம் போகிற இடத்துக்கு ஜனம் போகும். கண்ணில் ஒற்றிக்கொள்வதற்காக முப்பது பேரும், குழந்தைகளை இடுப்பில் வாரிக்கொண்டு, அவள் பின்னாலேயே ஓடினார்கள். அரைமணி நேரம் கெஞ்சினாலும் காலியாகாத இடம் அரை நிமிஷத்தில் காலியானது.

முதுகில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. கடல்காற்று.

அவர் அசையவில்லை. செங்கம்மாளின் தலைக்கு மேலே அந்தச் சுடர் மேற்கே சாய்ந்தது. நாற்பதடி. அறுபது. கேஸ் எந்த வேகத்தில் தவழும் என்று கணக்கெல்லாம் உண்டு. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. நூறடி. வேப்பமரம். சுடர் சுருங்கி நீலமாயிற்று. துடித்தது. தட்டில் ஒரு கறுப்புப் பொட்டை விட்டுவிட்டுத் தானாகவே போய்விட்டது.

அதன் பிறகுதான் ஓடினார். டாங்கி வளாகத்தில் இருந்த பெரிய வால்வைச் சுற்றி இறுக்கி மூடிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

குழாயில் மிச்சமிருந்த கேஸை உலை உறிஞ்சித் தீர்த்தது. பத்து நிமிஷத்தில் உலை அணைந்தது. பதினோராவது நிமிஷத்தில் சுப்பராயன் வந்தார்.

"யாரைக் கேட்டுய்யா மூடுன? உள்ள அத்தினி கண்ணாடியும் கல்லாப் போவுது! எங்க லீக்கு? காட்டு!"

அசன் முகைதீன் நொண்டிக்கொண்டே கூட்டிப் போனார். நாலாம் கல்லருகே சத்தமில்லை, நாற்றமில்லை, குமிழியில்லை. இருந்தது பால், மஞ்சள், நசுங்கிய ஒரு பூச்சரம். வால்வை மூடியது வேலை செய்ததற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இருக்க முடியாது. கசிவு இருந்ததற்கோ எந்த அத்தாட்சியும் இல்லை.

"பூஜை போட்ட இடத்துக்குக் கூட்டினு வந்து லீக்குன்றியா? எவன் கேட்டான் சத்தத்தை?"

"நாங்க கேட்டோம்" என்றாள் செங்கம்மாள். வேப்பமரத்தடியிலிருந்து எல்லோருமாகத் திரும்பி வந்திருந்தார்கள். "நேத்துலேர்ந்து புஸ்ஸுனு சீறிச்சி. இன்னிக்குப் பால் பொங்கிச்சி. முப்பது பேரு கண்ணால பார்த்தோம். எழுதிக்கோ சார்."

"அம்மன்னு சொல்லிக்கினு இருந்தீங்களாமே?"

"அம்மாதான். அதுக்கின்னா? அம்மா இருக்கிற எடத்துல கேஸு இருக்கக்கூடாதா? தோண்டிப் பாரு. இல்லேன்னா நாளைக்கு எங்க புள்ளைங்களைத் தூக்கினு உன் ஊட்டுல வந்து குந்திக்கிறோம்."

மூன்று மணிக்கு, மண்ணில் இனி கேஸ் இல்லை என்று கருவி சொன்ன பிறகு, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தோண்டினார்கள். கூழுக்கு வைத்திருந்த மோரைச் செங்கம்மாள் ஒரு குண்டானில் ஊற்றி, அசன் முகைதீனின் காலை அதில் வைக்கச் சொன்னாள். "இதுலயும் உப்பு கூடன்னு சொல்லு, பாய், பார்க்கலாம்" என்றாள். அவர் இரண்டு காலையும் மோருக்குள் வைத்தார்.

ஐந்தடியில் குழாய் தெரிந்தது. செம்மண் பக்கத்து முனை நேராக இருந்தது. ஏரிப்பக்கத்து முனை ஒரு விரல் தாழ்ந்து கிடந்தது. இரண்டையும் சேர்த்த இணைப்பு வாய் பிளந்திருந்தது. சுப்பராயன் குழிக்குள் இறங்கி, அந்த இடைவெளியில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். முதல் கணு வரை போனது. விரலை எடுத்து, பேண்டில் துடைத்துக்கொண்டார். மேலே பார்க்காமலே கேட்டார்:

"பாய், நீ மூடாம வுட்டிருந்தா, இது இன்னும் எத்தினி நாள் தாங்கியிருக்கும்?"

"தாங்கல, சார்" என்றார் அசன் முகைதீன். "இது நேத்தே வுட்டுடுச்சு."