பத்துப் பிழை வைத்த தாள்

என் மேசைக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாளை மாட்டி வைத்திருக்கிறேன். அச்சடித்த ஒற்றைப் பக்கம். அதன்மேல் சிவப்பு மையில் வட்டங்கள், வட்டத்துக்கு ஓர் எண். எண்கள் பன்னிரண்டு வரை போகின்றன. அந்தப் பக்கத்தில் நான் வேண்டுமென்றே வைத்த பிழைகள் பத்துதான். மாணவர்கள் ஏதோ விருது என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். விருதாவது ஒன்றாவது! என் மானம் போன கதை அது.

தேனியில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்தபோது எங்கள் கல்லூரியின் சர்வதேச விவகார இதழுக்கு நான்தான் மாணவ ஆசிரியர். அப்படி ஓர் இதழ் வருவதே கல்லூரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கோ உலகத்தையே நான்தான் நடத்துவதாக நினைப்பு. துணை ஆசிரியர்கள் இருவர் தேவை என்று அறிவிப்பு ஒட்டியதும் ஒன்பது பேர் வந்தார்கள். இதழ் வேலை என்றால் வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அவர்களைச் சலித்தெடுக்க ஒரு வழி வைத்திருந்தேன். அச்சுக்குப் போகவிருந்த என் கட்டுரையின் முதல் பக்கத்தில் பத்துப் பிழைகளை நுழைத்து, பத்து இருக்கிறது என்று சொல்லியே கொடுத்தேன். பிரேசிலின் தலைநகரை மாற்றினேன். சூயஸ் கால்வாயைத் தூக்கித் துருக்கிக்குக் கொடுத்தேன். கட்டுரை, நம் மலை ஏலக்காய் வளைகுடா நாடுகளுக்குப் போவதைப் பற்றியது. சென்னையில் முதுகலைக்கு விண்ணப்பிக்க அதைத்தான் மலைபோல நம்பியிருந்தேன்.

எட்டுப் பேர் ஆறு பிழைக்கு மேல் போகவில்லை. போடியிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, பிறகு எங்களுக்கெல்லாம் போடித் தங்கச்சி ஆனவள், பத்தையும் பிடித்துவிட்டுப் பதினொன்றாவதாக இன்னொரு வட்டமும் போட்டிருந்தாள். உலகிலேயே ஏலக்காய் அதிகம் விளைவது இந்தியாவில்தான் என்ற வரி. ஓரத்தில் 'குவாத்தமாலா' என்று மத்திய அமெரிக்க நாடு ஒன்றின் பெயரை எழுதியிருந்தாள். அது நான் வைத்த பிழை இல்லை. என் கட்டுரையே அந்த வரியின்மேல்தான் நின்றது.

"இத எங்கன படிச்ச?" என்றேன், ஆசிரியர் தோரணை குறையாமல்.

"படிக்கலக்கா. எங்கம்மா ஏலக்காய் பொறுக்குற செட்டுக்குப் போறாக. குவாத்தமாலாவுல வெளைச்சல் கூடுனா இங்கன வெல எறங்கிரும். செட்டுல எந்நேரமும் அந்தப் பேச்சுதான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் போகச் சொல்லிவிட்டு, அவள் தாளின் அடியில் 'சேர்க்க வேண்டாம். சொன்னதற்கு மேல் செய்கிறாள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் நூலகத்துக்குப் போனேன். முதலில் புரட்டிய புத்தகமே அவள் பக்கம் பேசியது.

பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். போடி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "தப்பா வட்டம் போட்டுட்டேனாக்கா?"

"நீ இல்லடி, தப்புப் பண்ணது நானு. நாளையிலருந்து வேலைக்கு வந்துரு" என்று படியில் நின்றே சொன்னேன். "ஏத்தா, ஏறப்போறியா எறங்கப்போறியா?" என்று நடத்துனர் சத்தம் போட்டார். ஏறிவிட்டேன்.

போடியில் இறங்கியதும் தங்கச்சி என்னை நேரே தன் அம்மா வேலை பார்க்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். அந்தச் செட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரித்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சியின் அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் கேட்டார்: "அந்தக் குவாத்தமாலாவுலயும் பொம்பளைகதான் ஒக்காந்து பொறுக்குறாகளா? அவுகளுக்கும் இப்பிடித்தான் இடுப்பு வலிக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. அதுவரை அப்படியொரு கேள்வி எனக்குத் தோன்றியதுகூட இல்லை. "பாத்துச் சொல்றேம்மா" என்று வந்து, அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை நிறுத்தினேன். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி, நானும் தங்கச்சியும் முழுதாகத் திருப்பி எழுதினோம். இரண்டு பேர் பெயரும் போட்ட அந்தக் கட்டுரைதான் எனக்குச் சென்னையில் இடம் வாங்கித் தந்தது. இதழின் கோப்புகளை அவளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக ரயிலேறினேன். கோப்பிலிருந்த அந்தத் தாளைக் கிழித்துப் போடவில்லையே என்பது பாதி வழியில்தான் உறைத்தது. ஐயோ என்றிருந்தது. கேட்டு வாங்கவும் துணிச்சல் வரவில்லை.

தங்கச்சி இப்போது கொச்சியில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பெரிய வேலையில் இருக்கிறாள். நான் படித்த கல்லூரியிலேயே பாடம் நடத்துகிறேன். இதழும் என் பொறுப்பில்தான். போன வாரம் துணை ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்தோம். பத்துப் பிழை வழக்கம் மாறவில்லை. வந்தவர்கள்தான் இப்போது வகுப்பறை கொள்ளாத கூட்டம். அதில் ஒருத்தி, நான் சரியென்று நினைத்த வரியில் வட்டம் போட்டுவிட்டு என்னோடு மல்லுக்கு நின்றாள். சுருக்கென்று கோபம் வந்தது, வராமலா இருக்கும்? பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே அந்தச் சட்டம். பேனாவை மூடி வைத்து, "உக்காரும்மா, விவரமாச் சொல்லு" என்றேன்.

அந்தத் தாள் நான் சென்னைக்குப் போன முதல் மாதமே விடுதிக்குத் தபாலில் வந்துவிட்டது. கூடவே கடிதம் ஏதும் இல்லை. நான் எழுதிய 'சேர்க்க வேண்டாம்' என்பதைச் சுற்றிப் போடித் தங்கச்சி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் பன்னிரண்டு என்று எண் போட்டிருந்தாள்.