படகை இழுக்க மூன்று வண்டி

கடலுக்கு இருபது மைல் தள்ளிப் படகு கட்டிய ஊர் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கட்டினோம். அறந்தாங்கியில், ஒரு மரவாடிக் கொட்டகையில். காரணம் ரொம்பச் சுலபம். எங்கள் கோட்டைப்பட்டினத்து மீனவர் சங்கத்தின் தலைவருக்கு மரவாடி அங்கேதான் இருந்தது. மரம் கிடக்கிற இடத்திலேயே கட்டினால் மரம் சுமக்கிற வேலை மிச்சம் என்றார். கட்டின படகை யார் சுமப்பது என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். சங்கத்துக்கு எழுத்தர் நான். பேசுகிறதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்ததில் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

தலைவர் கடலில் கால் நனைத்தவர் அல்ல. மீன் சாப்பிடுவார், அதனால் மீனவர் சங்கத்துக்குத் தலைவர். எங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இல்லாததால் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். பிறகு நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள். தேறிய மறு மாதமே சங்கத்து மேசை நாற்காலி எனக்கு வந்தது. வேட்டியைத் துவைத்துக் கட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு போவேன். ஒன்றில் மை இருக்கும்.

அந்தப் படகு, அரசாங்கம் சங்கத்தின் வழியாக என் அப்பாவுக்கும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேருக்கும் ஒதுக்கியது. இருபத்தெட்டு அடி, என்ஜின் வைத்தது. எங்கள் கரைக்கு முதல் என்ஜின் படகு. பேர் வந்துவிட்டது என்று கேட்ட அன்றைக்கே அப்பா தன் பாய்மர வல்லத்தை என் அத்தை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஐந்து மாதம், சொந்தமாக ஒரு பலகைகூட இல்லாமல், அடுத்தவர்கள் வல்லத்தில் ஆளாகப் போய்வந்தார். கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரை காத்திருந்து ஏறுகிற ஆளாக. வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார். ஆத்தாளும் கேட்க மாட்டாள்.

சங்கங்களைப் பார்க்க ஜீப்பில் வருகிற ஆபீசர் கடைசியில் ஒரு கெடு வைத்தார். மாதக் கடைசித் தேதிக்குள் படகு தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒதுக்கீடு அடுத்த ஊர்ச் சங்கத்துக்குப் போய்விடும். அவர் இதைச் சொன்னபோது படகு அறந்தாங்கியில் மரத்தூள் நடுவே, வேலை முடிந்து, கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தது. கெடுவுக்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

பெரிய மரம் ஏற்றுகிற இரண்டு அச்சுக் கட்டை வண்டி ஒன்று மரவாடியில் இருந்தது. படகை அதன்மேல் உட்கார வைத்துவிடலாம். அந்த வண்டியை இழுத்து வர எது தோது என்பதுதான் கேள்வி. அந்தப் பொறுப்பைச் சங்கம் என்னிடம் கொடுத்தது.

நான் இதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. மூன்று நாள் தூங்காத குறையாக உழைத்தேன். பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். லாரி டிரைவர்களை டீக்கடையில் பிடித்துக் குதிரைசக்தி கேட்டேன். ஒருவர், "குதிரையா? எங்க லாரியில கருவாடுதான் ஏத்துறோம் தம்பி" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன். கடைசியில் நாலு பக்கத்துக்கு ஓர் அறிக்கை தயார் ஆனது. கையில் கிடைக்கக்கூடிய வண்டிகள் மூன்று. தலைவருடைய டிராக்டர். கருவாட்டு மண்டி பாயின் லாரி. ஆபீசரின் ஜீப். எடை, வேகம், மணலில் சக்கரம் புதையுமா புதையாதா என்று கட்டம் போட்டு எழுதி, கடைசிப் பக்கத்தில் படமும் வரைந்தேன். முன்னால் வண்டி, பின்னால் கட்டை வண்டிமேல் படகு, நடுவில் கயிறு. கயிற்றை எங்கே கட்டுவது என்று யோசிக்காமல் படகின் மூக்கில் கொண்டுபோய் ஒட்டிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

டிராக்டர்தான் உகந்தது என்று முடித்திருந்தேன். மெதுவாகப் போகும், மணலில் நிற்காது. கூட்டத்தில் வாசித்து நிமிர்ந்தபோது தலைவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. பாய் முகம் சுண்டிப் போயிருந்தது. வெளியே வந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எம்மேல ஒனக்கு என்ன வருத்தம் தம்பி? ஒங்கப்பன் பிடிச்ச மீனை இருபது வருஷமா நான்தானே எடுக்கிறேன். ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கப்படாதா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லாரியின் எடையில் ஏதும் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வலையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அவர் சொன்னதும்தான் ஞாபகம் வந்தது. எங்கள் கரையில் புதுப் படகு இறங்கும்போது அதன் மூக்கில் கட்டிய கயிற்றின் முன் நுனியை யார் பிடிக்கிறாரோ அவருக்குத்தான் மாலை, அவருக்குத்தான் தலைப்பாகை, முதல் வலையில் விழுகிற பெரிய மீனும் அவர் வீட்டுக்குத்தான். தலைக்கயிறு என்பார்கள். சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அது பாடப் புத்தகத்தில் இல்லாததால் கணக்கில் சேர்க்கவில்லை. வண்டி இழுத்தால் வண்டிக்காரன்தானே தலைக்கயிறு. ஆகவே நான் வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர் மரியாதையைத் தூக்கித் தலைவர் மடியில் போட்டிருக்கிறேன்.

"எழுதுறதுக்கு முன்னாடி என்னையக் கேட்டிருக்கலாம்ல" என்றார் அப்பா, கோபமில்லாமல். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் நடந்த கூட்டங்கள் நாலு. என் அறிக்கையை யாரும் திரும்ப எடுக்கவில்லை. குதிரைசக்தி என்ற சொல்லே மறைந்துபோனது. பாய், தம் லாரி பட்டாளத்தில் ஓடியது, குண்டுக்கே அசையாதது என்றார். தலைவர், லாரியில் அடிக்கிற கருவாட்டு வாடை புதுப் படகில் ஏறினால் படகுக்கு ஆகாது என்றார். மீன்படகுக்குக் கருவாட்டு வாடை ஆகாதாம். அதையும் நான் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினேன். மூன்றாவது கூட்டத்தில் ஆபீசர் பொதுவாக ஒரு வார்த்தை விட்டார். அரசாங்கப் படகை அரசாங்க ஜீப் இழுத்தால் போட்டோவுக்கு நன்றாயிருக்கும் என்று. ஏர் உழுவதைவிடக் கோயிலுக்குப் போய்வருவதற்கே அதிகம் ஓடிய டிராக்டர், கைப்பிடி போட்டுப் பத்து சுற்று சுற்றினால்தான் உறுமுகிற லாரி, டிரைவர் துடைத்துத் துடைத்தே மெலிந்துபோன ஜீப், மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. இதற்குள் இருபது நாள் ஓடிவிட்டது. அப்பா அடுத்தவர் வல்லத்தில் போய்வந்துகொண்டிருந்தார்.

நாலாவது கூட்டத்தில் சமாதானம் ஆனது. யாரையும் விடக்கூடாது, மூன்று வண்டியையும் ஒரே வரிசையில் கட்டிவிடுவது. அரசாங்கம் என்பதால் ஜீப் முதலில். தலைவர் என்பதால் டிராக்டர் அடுத்து. பாய்க்கு மூன்றாம் இடம், ஆனால் படகுக்கு நெருக்கம் அவர்தான் என்று தேற்றினார்கள். இந்த வரிசையை முடிவு செய்ய மட்டும் ஒன்றரை மணி நேரம்.

கயிற்றை எங்கே கட்டுவது என்பதில்தான் ஆசாரி வாயைத் திறந்தார். படகைக் கட்டியவர் அவர். வண்டியின் அச்சில் கட்டுங்க, படகு மேலே சும்மா சவாரி வரட்டும் என்றார். அப்பாவும் ஆமாம் என்றார். தலைவர் ஒப்பவில்லை.

"அச்சுல கட்டி இழுத்தா கட்டை வண்டிய இழுத்த மாதிரிதானே ஆகும்? படகை இழுத்த மாதிரி ஆகுமா?"

தலைக்கயிறு என்றால் படகின் மூக்கில்தான். பாயும் இதில் அவர் பக்கம். ஆசாரி மறுபடி ஏதோ சொல்ல வந்தார். தலைவர் என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எடுத்து விரித்துக் காட்டினார். எஸ்.எஸ்.எல்.சி. படித்த பையனே மூக்கில்தான் போட்டிருக்கிறான் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது வெறும் படம், யோசித்துப் போட்டதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தவன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது? குனிந்து, அதையும் எழுதிக்கொண்டேன். ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கெடுவுக்கு முந்தின நாள் விடிந்ததும் புறப்பட்டோம். ஜீப்புக்கு மெதுவாகப் போகத் தெரியவில்லை. டிராக்டருக்கு வேகமாகப் போகத் தெரியவில்லை. லாரி அடிக்கடி நின்றுபோக, கைப்பிடியைச் சுற்ற ஒரு ஆள் இறங்குவார், அதுவரை மற்ற இரண்டும் உறுமிக்கொண்டே நிற்கும். படகைக் கட்டை வண்டியோடு கயிறு போட்டு இறுக்கியிருந்ததாலும், ரோடு சமமாக இருந்ததாலும் எப்படியோ வந்து சேர்ந்தோம். ஊருக்கு ஊர் ஜனம் ரோட்டோரம் நின்றது. யாரோ தேர் என்று நினைத்துச் சூடம் கொளுத்தினார்கள். தலைவர் டிராக்டர்மேல் நின்று கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கோட்டைப்பட்டினத்து மணலைத் தொட்டோம். தண்ணீருக்கு இன்னும் இரண்டு பர்லாங்கு. ஜீப் பத்தடி போனதும் அச்சுவரை புதைந்தது. புதைந்ததைப் பார்த்த டிராக்டர்க்காரர், இதுதான் சமயம் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டு ஜீப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் ஓர் இழுப்பு இழுத்தார். தாம் பின்தங்குவதா என்று லாரியும் பாய்ந்தது. கட்டை வண்டிச் சக்கரம் மணலில் மாட்டி அசையவில்லை. படகுக்கும் வண்டிக்கும் போட்ட கட்டு அறுந்தது. படகு ஒரு முழம் முன்னே சறுக்கி நின்றது. அதன் மூக்கு மட்டும், வளையத்தோடும் இரண்டு பலகையோடும் பிய்த்துக்கொண்டு, லாரிக்குப் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி மணலில் துள்ளித் துள்ளி ஓடியது. டிராக்டர் இழுத்த இழுப்பில் லாரிக்காரர் அதைக் கவனிக்காமல் தண்ணீர் ஓரம்வரை கொண்டுபோய் நிறுத்தினார். ஆக, கெடுவுக்கு முன்னாலேயே படகில் ஒரு முழம் கடலைத் தொட்டுவிட்டது.

அப்பா ஓடவில்லை. மெதுவாக நடந்து போய் அந்தத் துண்டை எடுத்து வந்து படகின் அடியில் வைத்தார். ஐந்து மாதத்தில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. நாளை ஒரு நாள்தான் பாக்கி.

சங்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்ததும் தலைவர் என்னை நடவடிக்கைப் புத்தகத்தை விரிக்கச் சொன்னார். இன்று மாலை படகு நல்லபடியாகத் தண்ணீரில் இறக்கப்பட்டது என்று எழுது, ஆபீசர் கையெழுத்துப் போடுவார், ஒதுக்கீடு நிலைக்கும் என்றார். மூக்கு? இறக்கினபிறகு கடலில் பாறை தட்டியது என்று அடுத்த பக்கத்தில் எழுது என்றார். எங்கள் கடலில் பத்து மைலுக்குச் சேறுதான், பாறையே கிடையாது. ஆபீசர் ஜன்னல் வழியாகத் தம் ஜீப்பைத் தோண்டி எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்பாவுக்குப் படகு நிற்குமே. பேனாவைத் திறந்தேன்.

வாசலில் நின்ற அப்பா கேட்டார்: "கடல்ல ஒடஞ்சதுன்னு எழுதுனா யாரு சரி பண்ணனும்?"

தலைவர் எழுது என்று எனக்குக் கை காட்டினார். அப்பாவே தொடர்ந்தார்:

"நாங்க நாலு பேரும். அப்படித்தானே முதலாளி?"

"அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ப்பா. மொதல்ல படகு ஒங்கையில நிக்கட்டும்" என்றார் தலைவர்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ என்ன எழுதப்போறே?"

அவர் இப்படி எழுது என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. கேட்டுவிட்டு நின்றார், அவ்வளவுதான். மை காய்ந்துபோயிருந்தது, பேனாவை இரண்டு தடவை உதறினேன். பிறகு எழுதினேன். படகை மணலில் இழுக்கும்போது மூக்கு பிய்ந்தது என்று. இழுத்தவர்கள் என்று போட்டு, ஒன்று, ஜீப், இரண்டு, டிராக்டர், மூன்று, லாரி, உரியவர்களின் பதவியோடு. ஒன்றரை மணி நேரம் அவர்களே சண்டை போட்டு முடிவு செய்த வரிசை, அதில் நான் கை வைக்கவில்லை. அதன்கீழ் நாலு என்று போட்டு, கயிற்றை மூக்கில் கட்டும்படி தவறாகப் படம் வரைந்தவர், சங்கத்து எழுத்தர் என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். சத்தமாக வாசிக்கவும் செய்தேன். எனக்கு அப்போது இருபது வயசு, எதையும் சத்தமாக வாசித்தால்தான் செல்லும் என்று நம்பியிருந்தேன்.

தலைவர் கிழி என்றார். பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடித்த புத்தகம், கிழித்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்றேன். பாய் மட்டும் அந்த நேரத்திலும், டிராக்டர் முன்னால் போனதால்தான் தம் லாரி பாய்ந்தது, அதையும் சேர்த்துக்கொள் தம்பி என்றார். ஆபீசர் ஜன்னலிலிருந்து திரும்பினார். ஜீப்பின் பெயர் முதலில் இருந்தது அவருக்கு அன்றுதான் முதல் தடவையாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நாளை இருட்டுவதற்குள் படகு ஒழுங்காக இறங்கிவிட்டால் இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லையே என்றார், கூரையைப் பார்த்து.

மறுநாள் காலையில் அறந்தாங்கியிலிருந்து அதே டிராக்டரில் தலைவர் செலவிலேயே மரம் வந்தது, ஆணி வந்தது, தாரும் வந்தது. மரம் சுமக்கிற வேலை கடைசியில் மிச்சமாகவில்லை. ஆசாரி மூன்று மணிவரை ஒருத்தரோடும் பேசாமல் மூக்கை மாட்டினார். கயிறு அச்சில் கட்டப்பட்டது. சக்கரத்துக்கு அடியில் பனைமட்டை போட்டு, தெரு முழுக்க வந்து கை கொடுத்தது. பொழுது சாயும்போது படகு தண்ணீரில் மிதந்தது. ஆபீசர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மாலை வாங்க யாரும் முன்னால் வரவில்லை. அதை ஆசாரி கழுத்தில் போட்டார்கள். அவர் உடனே கழற்றிவிட்டார்.

அடுத்த மாதம் என் கையெழுத்துத் தெளிவாக இல்லை என்று சொல்லிச் சங்கத்து வேலையிலிருந்து என்னை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் நான். தலைவரின் மச்சினர் மகன் அந்த நாற்காலிக்கு வந்தான். அவனுக்கு ஒரு பேனா போதும்.

வீட்டில் வந்து சொன்னேன். ஆத்தாள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். அப்பா என்ஜினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

"நாளைக்கு எங்களோட வா. இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு."

போனேன். கரை மறைவதற்கு முன்னாலேயே, புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தை வாசிக்கும்போது, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அப்பா ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். எடுத்து முடிந்ததும், அடுத்தது என்ன போட்டிருக்கு என்று கேட்டார்.