நரி முகத்தில் முழித்த நாள்

எங்கள் தெருவில் இரண்டு பூனைகள் காணாமல் போனதிலிருந்து அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் காப்பெல் ஊரில் எல்லோருக்கும் கயோட்டி பயம். கூண்டு வைக்கச் சொல்லி குடியிருப்போர் அசோசியேஷன் நீட்டிய மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். கூண்டை எங்கள் வேலிக்குப் பின்னால்தான் வைத்தார்கள்.

இன்று காலை எழுந்ததும் பின்கதவைத் திறந்தேன். கூண்டுக்குள் ஒரு கயோட்டி மாட்டியிருந்தது. அது கத்தவில்லை, என்னையே பார்த்தது.

என் மனைவி கமலா துள்ளிக் குதித்தாள். "நரி முகத்துல முழிச்சிருக்கீங்க! இன்னிக்கு லே-ஆஃப் லிஸ்ட்ல உங்க பேர் வராது, பாருங்க."

"அது நரி இல்லடி, கயோட்டி."

"அமெரிக்கா நரிதானே? அது போதும்."

கூண்டு வைத்தவர் வந்தார். எந்தக் காட்டில் கொண்டுபோய் விடுவீர்கள் என்று கேட்டேன். "விடுவதா?" என்று சிரித்துவிட்டு, கூண்டின் மேல் போர்வையைப் போட்டு மூடினார்.

இப்போது மணி மூன்று. ஆபீஸில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுகிறார்கள். வேலை போனால் விசாவும் போகும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால்தான் நம் குரூப்பில் உங்களுக்கு இதை டைப் செய்கிறேன். கமலா இதற்குள் நாலு முறை போன் பண்ணிவிட்டாள்.

நரி முகத்துக்கு இருக்கும் ராசி கயோட்டிக்கும் உண்டா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

அது இன்று முழித்தது என் முகத்தில். அந்த ராசி எப்படி என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.