காப்புக் கட்டிய பிறகு வந்த கடிதம்

நடந்தவற்றை முதலில் வரிசைப்படி எழுதிவிடுகிறேன்.

1. மாசி மாதம் அப்பாவின் சிறுநீரில் இரத்தம் போனது. பதினெட்டு நாள் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.
2. பங்குனி நடுவில் யாழ்ப்பாணத்தில் அவருடைய இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள்.
3. அது புற்றுநோய் என்று ஆய்வுகூட முடிவு வந்தது. நெஞ்சுப் படத்தில் வலது நுரையீரலில் இரண்டு சிறிய நிழல்கள் தெரிந்தன.
4. அப்பாவிடம் அது கல் என்று சொன்னேன்.
5. கொழும்பில் நடக்கும் ஒரு மருந்துப் பரிசோதனையில் அவரைச் சேர்க்க விண்ணப்பித்தேன்.
6. அழைப்புக் கடிதம் வந்தபோது அப்பா கோவிலில் காப்புக் கட்டியிருந்தார்.

இந்த ஆறில் நான்காவதற்குத்தான் விளக்கம் வேண்டும்.

அப்பா அனலைதீவில் ஒரு சிறிய பிள்ளையார் கோவிலின் குருக்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம், சளி, சிறுநீர் என்று நாள் முழுவதும் தொடுகிற வேலை. விடுமுறையில் ஊருக்குப் போனால் கிணற்றடியில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் போவேன். அப்பா ஒருநாளும் அதைக் கேட்டதில்லை, நானாகச் செய்வது. “என்ரை பிள்ளை பொய் எழுதாத இடத்திலை வேலை செய்யுது” என்று அவர் கோவிலுக்கு வருகிறவர்களிடம் சொல்வாராம்.

முடிவை வைத்தியர் சொல்வதற்கு முன்பே நான் வாசித்துவிட்டேன். எடுத்த சிறுநீரகத்தின் சீவலைக் கண்ணாடித் துண்டில் வைத்து எங்கள் பக்கத்து அறையில்தான் பார்த்தார்கள். அன்று மாலையே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. மனம் விட்டுடுவார்.”

எங்கள் பக்கத்தில் இப்படித்தான் செய்வார்கள். இந்த நோயின் பெயர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நோயாளியைத் தவிர. எத்தனையோ குடும்பங்கள் அப்படி மறைத்ததை மருத்துவமனை விறாந்தையில் நின்று பார்த்திருக்கிறேன். படித்தவர்களும் இப்படிச் செய்கிறார்களே என்று மனதுக்குள் அவர்களை இகழ்ந்தும் இருக்கிறேன். என் முறை வந்தபோது நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கட்டிலுக்குப் போய், “கல்லப்பா. எடுத்தாச்சு. இனி ஒண்டுமில்லை” என்றேன். அப்பா நம்பினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார்.

பரிசோதனை பற்றி எங்கள் ஆய்வுகூட வைத்தியர்தான் சொன்னார். சிறுநீரகம் எடுத்த பிறகும் நோய் வேறிடத்தில் தெரிகிறவர்களுக்கு ஒருவகைக் குளிகை பலன் தருமா என்று கொழும்பில் பார்க்கிறார்கள். எழுதினேன். ஒரு படிவம் வந்தது. அதில் வயது, அறுவைச் சிகிச்சை நடந்த நாள், இரத்த அளவுகள், வேறு நோய்கள் என்று கேட்டிருந்தார்கள். இப்படியான படிவங்கள் எனக்குப் பிடிக்கும். ஒரு வெட்டுக் கொத்து இல்லாமல் நிரப்பினேன். ஒன்பதாவது கேள்வி, நோயாளி தன் நோயை அறிவாரா என்பது. ‘ஆம்’ என்று எழுதினேன். அதையும் அதே கையெழுத்தில், அதே நிதானத்தோடு எழுதினேன்.

அறுவைச் சிகிச்சை நடந்து எட்டுக் கிழமைக்குள், அதாவது ஐம்பத்தாறு நாளுக்குள், சேர வேண்டும் என்பது விதி. படிவத்தை அனுப்பியபின் ஐந்து கிழமை பதில் இல்லை. இனி வராது என்றே நினைத்துவிட்டேன். அந்த நாட்களில்தான் சித்தப்பா என்னைத் தேடி யாழ்ப்பாணம் வந்தார். அவர் நெடுந்தீவில் பூசை செய்கிறவர். நோயை அம்மா அவருக்குச் சொல்லியிருந்தாள்.

“திருவிழா வருது. இந்த முறை நான் காப்புக் கட்டட்டோ? அண்ணை கேக்கிறாரில்லை. ‘கல்லுத்தானே, எடுத்தாச்சு, நானே செய்வன்’ எண்டுறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேப்பார்.”

அப்பாவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அடுத்த வார்த்தையையும் சொல்ல வேண்டியிருக்கும். “அவரின்ரை ஆசைக்குச் செய்யட்டும், சித்தப்பா” என்றேன்.

கொடியேறும் நாளில் குருக்களின் மணிக்கட்டில் காப்பு கட்டுவார்கள். கட்டினால் பத்தாம் நாள் தீர்த்தம் முடிந்து கொடி இறங்கும்வரை அவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. கடல் கடக்கக் கூடாது. வீட்டில் சாவு நேர்ந்தாலும் துடக்கு, அந்தத் தீட்டு, அவரைத் தொடாது. இதெல்லாம் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

மூன்றாம் திருவிழா அன்று கடிதம் வந்தது. உடனே அழைத்து வரும்படி எழுதியிருந்தார்கள். எட்டுக் கிழமை முடிய மூன்று நாள் இருந்தது. அரை நாள் லீவு எடுத்து, ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில் போய், மத்தியான மோட்டர் படகைப் பிடித்தேன். திருவிழாச் சனத்தோடு படகு நிறைந்திருந்தது. படகோட்டி என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயான்ரை வருத்தம் இப்ப எப்பிடிப் பிள்ளை? அம்மா ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவ. நான் வாயே திறக்கேலை. என்ரை மனிசிக்கு மட்டும்தான் சொன்னனான்.”

பக்கத்தில் வாழைக்குலையோடு இருந்த கிழவி சிரித்தாள். “உன்ரை மனிசிக்குச் சொன்னால் ஒலிபெருக்கியிலை சொன்ன மாதிரித்தான். நானே அவளிட்டைத்தான் கேட்டனான்.”

படகில் சிலர் சிரித்தார்கள். உடனே என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

பகல் பூசை முடிந்து அப்பா கோவில் மடைப்பள்ளியின் பின்புறம் ஒரு பலகையில் இருந்தார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் நூல். நான் குளிக்காமலே நேரே வந்ததைக் கவனித்திருப்பார். கடிதத்தைக் கொடுத்தேன். ஆங்கிலம் அவருக்கு மெதுவாகத்தான் வரும். மெதுவாக வாசித்தார். ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

“இது கல்லில்லையே, பிள்ளை.”

“இல்லையப்பா.”

“எப்ப தெரியும்?”

“அண்டைக்கே.”

“ஆருக்கெல்லாம் தெரியும்?”

எண்ணிச் சொன்னேன். எதையும் எண்ணிச் சொல்வது என் பழக்கம். அம்மா, சித்தப்பா, சித்தி, பெரிய மாமா என்று வந்து, படகோட்டியில் நின்றுவிட்டேன்.

“சண்முகம் கடையிலும் தெரிஞ்சிருக்கும்” என்றார் அப்பா. “போன கிழமை எனக்குத் தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி கூடப் போட்டவன். ஏனெண்டு யோசிச்சனான்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இருக்க ஏலாமல் போனது. அப்போதுதான் நான் இன்னொன்றையும் சொன்னேன். “காப்பைக் கழட்டிப்போட்டு வரலாம்தானே, அப்பா. சித்தப்பாவைக் கூப்பிடுவம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஊரே விரதம் இருக்குது. சாமிக்கு முன்னாலை கட்டினதை இடையிலை கழட்டச் சொல்லுறாய். நாலு நாளுக்கு முதல் சொல்லியிருந்தால் தம்பியே கட்டியிருப்பான். நான் உன்னோடை வந்திருப்பன். எனக்கென்ன, சாக ஆசையோ?”

அவ்வளவுதான். அடுத்த பூசைக்கு மணி அடித்தது, எழுந்து போய்விட்டார். அப்பா உயிரோடு இருக்க ஆசைப்படுகிறாரா என்பதை நாங்கள் யாரும் அவரிடம் கேட்டே பார்க்கவில்லை. மனம் விட்டுவிடுவார் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம்.

பிந்தினாலும் கேட்டுப் பார்ப்போம் என்று, தீர்த்தம் முடிந்த இரண்டாம் நாள் மெயில் ரயிலில் கொழும்புக்குப் போனோம். எட்டுக் கிழமை கழிந்து ஏழு நாள் ஆகியிருந்தது. வழியில், வவுனியா தாண்டியதும், ஒன்பதாவது கேள்விக்கு நான் எழுதிய பதிலைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். கேட்டால், அறுவைச் சிகிச்சை நடந்தபோதே தெரியும் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “பாப்பம்” என்றார்.

பரிசோதனையை நடத்தியவர் இளம் தமிழ் வைத்தியர். அப்பாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். எல்லோரிடமும் முதலில் கேட்பதைத்தான் கேட்டார்.

“ஐயா, உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு தெரியுமோ?”

“தெரியும். சிறுநீரகத்திலை புற்றுநோய். நெஞ்சுக்கும் போட்டுது.”

“எப்ப தெரிஞ்சது?”

“பத்து நாளுக்கு முதல்.”

வைத்தியர் படிவத்தைப் புரட்டினார். ஒன்பதாவது கேள்வியில் அவருடைய பேனா நின்றதைப் பார்த்தேன். என்னைப் பார்த்து, “நீர் ஆய்வுகூடத்திலை வேலை செய்யிறனீர் என்ன?” என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

நாள் பிந்தியதால் சேர்க்க ஏலாது என்றார். ஏழு நாள்தானே என்று நான் கேட்டேன். ஒருவருக்கு ஏழு நாள் விட்டால் இன்னொருவருக்கு இருபது விட வேண்டும், பிறகு வரும் பதிலை யாரும் நம்ப முடியாது என்றார். ஆய்வுகூடத்தில் பிந்தி வரும் இரத்த மாதிரிகளை இதையே சொல்லி நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவுக்கு வேறு சந்தேகம் இருந்தது. “சேர்த்தால் எல்லாருக்கும் அந்தக் குளிகை குடுப்பியளோ?”

“இல்லை, ஐயா. அரைவாசிப் பேருக்குத்தான். ஆருக்கு எண்டு நான் தெரிவு செய்யிறேல்லை. சீட்டிலை வாற மாதிரி.”

“நாங்கள் சாமிக்கு முன்னாலை பூக்கட்டிப் பாக்கிறது போல.”

வைத்தியர் சிரித்தார். “ஏறத்தாழ அதுதான். ஆனால் நாங்கள் பூவைப் பிரிச்சுப் பாக்க ரெண்டு மூண்டு வருசம் செல்லும்.”

“அப்ப குளிகை நல்லதோ கெட்டதோ எண்டு உங்களுக்கும் தெரியாது.”

“தெரிஞ்சால் இந்தப் பரிசோதனையே தேவையில்லை, ஐயா.”

அப்பா அதைக் கேட்டு நிறைவடைந்தவர் போலத் தலையாட்டினார். அவரோடு இந்த நோயைப் பற்றி நேராகப் பேசிய முதல் ஆள் அவர்தான். அது நானாக இருந்திருக்க வேண்டும்.

ரயிலில் திரும்பி வரும்போது அப்பா என்னிடம் ஒரேயொரு விஷயம் கேட்டார். இனி எந்தத் தாள் வந்தாலும் முதலில் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று இடங்களுக்கு எழுதினேன். எழுதிய கடிதங்களை ஒட்டுவதற்கு முன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொழும்பு வைத்தியருக்கு மன்னிப்புக் கேட்டும் ஒன்று எழுதினேன். அதையும் வாசித்தேன், அதில் ஒரு வரியை அப்பா திருத்தினார். ‘குடும்பத்தின் வற்புறுத்தலால்’ என்று எழுதியிருந்ததை வெட்டச் சொன்னார்.

இப்போது புரட்டாதி. நேற்று எடுத்த நெஞ்சுப் படத்தில் நிழல்கள் மூன்று. பழைய இரண்டும் சிறிது பெரிதாகியிருக்கின்றன. அப்பா பூசைக்குப் போகிறார். மதியத்துக்குப் பிறகு களைத்துப்போகிறார். எழுதிய மூன்று இடங்களில் ஒன்று பதில் போடவில்லை, ஒன்று முடியாது என்றது. சென்னையில் ஒரு மருத்துவமனை இன்னொரு மருந்தைப் பார்க்கிறது. ஆறு மாதம் அங்கேயே தங்கினால் சேர்க்கலாம் என்கிறது. தலைமன்னாருக்குப் போய், இந்தியாவுக்குக் கப்பல் எடுக்க வேண்டும். போவதா என்று அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை.