துளை போடாத குருசு

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுப் பின்முற்றத்துத் தகரக் கொட்டில்தான் பட்டறை. துறைமுகத்தில் வேலை இல்லாத நாட்களில் கேற், கதிரை, தண்ணீர் மோட்டர் என்று எதையாவது திருத்திக்கொண்டிருப்பேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் பொல்லாதவன். ரப்பர் செருப்போடு உள்ளே வந்த மைத்துனனை வாசல்வரை துரத்தியிருக்கிறேன். இரண்டு பக்கமும் அடைத்த குழாயில் துளை போடாமல் வெல்டிங் பிடிக்கமாட்டேன். உள்ளே சூடாகும் காற்றுக்கும் ஈரத்துக்கும் வழி வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். இதை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காது புளிக்கச் சொல்வேன்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், பக்கத்து ஒழுங்கையில் இருந்த அக்கா ஒரு குருசைப் பழைய சாரத்தில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். சேமக்காலையில் அவருடைய கணவரின் கல்லறைத் தலைமாட்டில் நின்ற சிலுவை. இரும்புக் குழாயில் செய்து முனைகளை மூடியிருந்தார்கள். குறுக்குக் கை சேரும் இடத்தில் துருப்பிடித்துப் பிளந்திருந்தது. அந்த மனுஷன் சாகிற அன்று காலையில் வேலைக்கு நன்றாகத்தான் போனார். கப்பல் தளத்தில் விழுந்து, ஒரு சொல் பேசாமல் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார். சுவாமியார் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வரும்போது குருசு நிற்கவேண்டும் என்பதுதான் அக்காவின் கவலை.

நான் டிரில்லை எடுத்தேன். அக்கா குருசைக் கையால் மறைத்தார்.

"தம்பி, குருசில ஓட்டை போடாதீங்கோ. அவர்ட நெஞ்சில போடுற மாதிரிக் கிடக்கு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைதான். குருசென்றதும் எனக்கும் கை கூசியது. பிளவு இருக்கிறதே, அதுவே வழிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்தப் பிளவைத்தான் அடைக்கப்போகிறேன் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

வெளிச்சத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு, முகமூடியைப் போட்டேன். பிளவின் கடைசி அங்குலமும் மூடியது. வெல்டிங் குச்சியை எடுத்ததும் குருசு முனகியது.

முனகல்தான். சளி கட்டிய தொண்டையோடு ஒரு ஆண் பேச வாயெடுக்கிற சத்தம். உடம்பெல்லாம் புல்லரித்தது. குழாய்க்குள் இறங்கிய மழைத்தண்ணீர் கொதித்து, ஏதோ ஊசித் துளையால் ஆவியாக வருகிறது என்று தெரிந்தும் என் கால் நகரவில்லை. சத்தம் ஏறியது, இறங்கியது, நடுவில் நின்று மூச்சு வாங்கியது.

அக்கா பயப்படவில்லை. குருசைப் பார்த்து, "ஓம், சொல்லுங்கோ," என்றார். முழங்காலில் நின்று, முனையின் மூடிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

சத்தம் சட்டென்று நின்றது. ஆவி வந்த துளை துருவால் அடைபட்டுவிட்டது. நான் மரியாதை பாராமல் அவரைத் தோளில் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். மூடி பிய்ந்து, அவருடைய தலை இருந்த இடத்தால் பாய்ந்து தகரத்தைத் துளைத்தது. கொட்டில் முழுக்க ஆவியும் துரு மணமும்.

ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்தேன், அதுவும் எல்லாம் தெரிந்த நான். மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே இருந்தது மழைத்தண்ணீர், வேறொன்றுமில்லை என்று திருப்பித் திருப்பி விளக்கினேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு எழும்பி, சேலையைத் தட்டிவிட்டு, இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்த குருசருகே போய் நின்றார்.

"விளங்குது தம்பி," என்றார். "இன்னொருக்கா சூடாக்குங்கோ. அவர் பாதியிலதான் விட்டவர்."