ஸ்பீக்கரை நக்கிய பசு

ராயப்பன்பட்டி டீக்கடைகளில் சில நாட்களாக ஒரு செய்தி உலவுகிறது. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தன் தங்கை வீட்டுப் பசுவுக்குப் பேய் ஓட்டினாராம். வேப்பிலை வேறு அடித்தாராம்!

அந்தப் பேராசிரியர் நான்தான்.

வதந்திக்கு மறுப்பு எழுதும் வழக்கம் எனக்கில்லை. இந்தப் பக்கத்தில் என்னை வாராவாரம் சந்திக்கும் உங்களுக்கு அது தெரியும். ஆனால், சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் என் பழைய மாணவர் ஒருவர் – இன்று அவரே தலைமையாசிரியர் – பணிவாகக் குனிந்து, "சார், எங்க வீட்டு எருமையையும் ஒருக்கா வந்து பாக்குறீகளா?" என்று கேட்டுவிட்டார். இனியும் மௌனம் காப்பது என் பெயருக்கு நல்லதல்ல. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் தங்கை லூர்து மேரியின் மாட்டுக் கொட்டத்தில் ஒரே ஒரு பசு. கலப்பின ஜெர்சி. பெயர் ரோஸி. தை மாதம் வனத்து அந்தோணியார் திருநாளில் ஊர் மாடுகளையெல்லாம் கோயில் வாசலில் நிறுத்தி, சாமியார் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்து மந்திரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த ஆண்டு ரோஸியும் அதன் இளங்கன்றும் சேர்ந்தே மந்திரிக்கப்பட்டன. சில வாரங்களில் அந்தக் கன்று கழிச்சல் கண்டு இறந்துபோனது.

அன்றிலிருந்து ரோஸி பாலை அடக்கிக்கொண்டது. தீவனத்தையும் தொடவில்லை. மடி கல்லாக இறுகியது. இப்படியே போனால் மடிநோய் வரும், மாடு வீணாகும். வீணான மாடு எங்கே போகும்? கம்பமெட்டு வழியாக லாரி ஏறும். கேரளத்துக்குப் போன மாடு திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதற்கு ஊரில் ஒரு பழைய வழி உண்டு. செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, பசுவின் முன் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும். மாட்டுத் தரகர் சவரிமுத்து அதைத்தான் சொன்னார்.

"மந்திரிச்ச கன்னுய்யா அது. அதுந் தோலை உரிக்கவா? அதுக்கு என் தோலை உரிங்க" என்றாள் லூர்து. கன்றைத் தென்னந்தோப்பில் முழுசாகப் புதைத்துவிட்டாள்.

"அப்பக் கயித்தை எங்கிட்டக் குடுத்துருங்கக்கா. மாடு நிக்கையிலயே ஏத்திறணும். விழுந்துருச்சுன்னா லாரிக்காரன்கூடத் தொடமாட்டான்."

அப்போதுதான் லூர்துவின் மகன் ஜெரால்டு ஒரு யோசனை சொன்னான். சின்னமனூரில் மொபைல் கடை வைத்திருப்பவன்; எதற்கும் அவனிடம் ஒரு சார்ஜர் இருக்கும். கன்று உயிரோடு இருந்தபோது அது பசியில் கத்துவதை அவன் மனைவி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். தோல் வேண்டாம், குரல் போதும். கொட்டத்துத் தூணில் ஆணி அடித்து, கடையிலிருந்து கொண்டுவந்த புளூடூத் ஸ்பீக்கரை மாட்டினான்.

அன்று மாலை நான் அங்கே இருந்தேன்.

கன்றின் கத்தலில் ஒரு தனி அடையாளம் இருந்தது. நீளமாக இழுத்து, முடியும் இடத்தில் எண்ணெய் காணாத கதவுக் கீல் போல ஒரு கிறீச்சல். ஸ்பீக்கரிலிருந்து அது வந்ததும் ரோஸியின் காதுகள் முன்னே திரும்பின. தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் கொடுத்தது. யாரும் மடியைத் தொடவில்லை... காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

"எப்படி மாமா நம்ம டெக்னாலஜி?" என்று ஜெரால்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ரோஸி தூணை நெருங்கி, ஸ்பீக்கரை நக்கத் தொடங்கியிருந்தது. ஈன்ற கன்றின் ஈரத்தை நக்கித் துவட்டுமே – அதே பொறுமையோடு, மேலிருந்து கீழாக, ஓரம் விடாமல். கறுப்புப் பெட்டி எச்சிலில் பளபளத்தது. உள்ளே கன்று கத்திக்கொண்டே இருந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

பால் வந்தது, உண்மை. ஆனால் கறவை முடிந்து ஸ்பீக்கரை அணைத்த பிறகும் ரோஸி தூணைவிட்டு நகரவில்லை. படுக்கவில்லை. பசும்புல்லைப் போட்டால் முகர்ந்துவிட்டு மறுபடி தூணைப் பார்த்தது. சில நாட்களில் விலா எலும்புகள் தெரிந்தன. வெயில் கொளுத்தும் நடுப்பகலில், எந்தச் சத்தமும் இல்லாதபோது, தூணைப் பார்த்து மெல்லக் கூப்பிடும். பிறகு பதிலுக்குக் காத்திருக்கும். அந்த நேரத்தில் கொட்டத்துக்குள் நுழைய எனக்குக் கால் வரவில்லை என்பதை, வெப்பத்தின் மீது பழிபோட்டுச் சமாளித்தேன்.

லூர்துதான் அதை வார்த்தையில் வைத்தாள்.

"கன்னு பசிக்குதுன்னு கத்துது, ஆனா வந்து குடிக்க மாட்டேங்குது. தெனம் ரெண்டு வேளையும் இதே கூத்து. எந்தத் தாய்க்குண்ணே பொறுக்கும்?"

உயிருள்ள கன்று ஒன்றையே விட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அனுமந்தன்பட்டியில் ஒரு பால் பண்ணை. கறவைப் பண்ணைகளில் கிடாரிக்குத்தான் மரியாதை. காளைக்கன்று பிறந்தால் தாயிடம் விடுவதுகூட வீண் என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிய ஒன்றை ஜெரால்டு தூக்கிவந்தான். நிற்கவே தடுமாறும் குட்டி. தாயின் நாக்கு படாத உடம்பு.

தாய்ப்பசு தன் கன்றை முதலில் அறிவது மோப்பத்தால். இறந்த கன்று படுத்திருந்த கோணிச்சாக்கு துவைக்காமல் கிடந்தது. அதைப் புதுக் கன்றின் முதுகில் கட்டச் சொன்னது நான். நான் செய்த 'மாந்திரீகம்' அவ்வளவுதான்! வேப்பிலை என்பது ஈ ஓட்டுவதற்காக லூர்து கையில் வைத்திருந்த கொத்து.

"வாசமும் இருக்கு, குரலும் இருக்கட்டும்" என்று ஜெரால்டு ஸ்பீக்கரையும் போட்டான்.

அங்கேதான் தப்பு நடந்தது.

சாக்கு கட்டிய கன்று மடியை முட்டியது. பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு கன்று கத்தியது. உடம்பு ஓரிடம், குரல் ஓரிடம். ரோஸி பின்னால் முகர்ந்தது; முன்னால் பார்த்தது. பிறகு காலை உதறிக் கன்றைத் தள்ளிவிட்டுத் தூணுக்குப் போய், பெட்டியை நக்கியது. மறுபடி முட்டிய கன்றுக்கு ஓர் உதை. குட்டி சாணியில் விழுந்தது.

வாசலில் கயிற்றோடு சவரிமுத்து. "விடுங்கக்கா. உசுரோட இருக்குறதை உதைச்சுட்டு, இல்லாததைக் கொஞ்சுது. இது தேறாது. நாளைக்கு லாரி வருது."

"ஏலே, அதை அணை" என்றாள் லூர்து.

"அணைச்சாப் பால் விடாதும்மா!"

"அணைங்குறேன்ல!"

அணைத்தான். கொட்டம் அமைதியாயிற்று. ரோஸி தூணையே பார்த்துக்கொண்டு நின்றது. கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டது.

சாணியில் கிடந்த குட்டி அப்போது தன் சொந்தக் குரலில் கத்தியது. கட்டையான குரல், கிறீச்சல் இல்லை.

ரோஸி திரும்பியது. நெடுநேரம் முகர்ந்தது. சாக்கின் ஓரத்தில் ஒரு முறை நக்கியது. பிறகு சாக்கு மூடாத கழுத்தில். குட்டி எழுந்து மடியைப் பிடித்தபோது கால் உதறவில்லை.

சவரிமுத்து கயிற்றைத் தோளில் சுருட்டிப் போட்டார். "லாரிக்காரனுக்கு நான் என்னத்தைச் சொல்ல? பேராசிரியர் வந்து பேய் ஓட்டிட்டாகன்னு சொல்லிக்கிறேன்."

வதந்தியின் ஊற்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

அன்றே வீடியோவை அழிக்கச் சொன்னாள் லூர்து. என் கண் முன்னால் ஜெரால்டு அழித்தான். அவன் மனைவியும் அழித்தாள். ஸ்பீக்கர் கடைக்குப் போயிற்று. சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்தோம். கடைசியில் ஒரு நாடா அகலம் மிஞ்சியது. அதையும் அவிழ்த்த அன்று ரோஸி கவனிக்கவே இல்லை. இப்போது தீவனம் எடுக்கிறது. குட்டி குடித்தது போக மிச்சம் கறக்கிறார்கள். மோப்பம், செவி, பழக்கம் – எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகத்தில் இடமுண்டு.

ஒன்றே ஒன்று பாக்கி. அதை எழுதுவதா வேண்டாமா என்று இருமுறை யோசித்தேன்.

போன ஞாயிறு, பூசை முடிந்து கொட்டத்துக்குப் போனேன். நல்ல வெயில். குட்டி வாய் நிறையக் காம்போடு, நுரை ஒழுகக் குடித்துக்கொண்டிருந்தது. ஜெரால்டு கடையில். அப்போது எனக்குப் பின்னால், தூண் பக்கத்திலிருந்து, நீளமாக இழுத்து... கிறீச்சென்று முடிந்தது அந்தக் குரல்.

பக்கத்து வீட்டுக் கன்றாக இருக்கலாம். தெருவில் எவரோ பழைய ஸ்டேட்டஸைச் சேமித்து வைத்திருக்கலாம். கதவுக் கீலாகவே இருக்கலாம் – அந்தக் கொட்டத்துக்குக் கதவு உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ரோஸி குட்டியை நக்குவதை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

நான்தான் பார்த்தேன்.